உறுப்பினர் பட்டியல் முதல் வாக்கு எண்ணிக்கை வரை: தொழிற்சங்க நிர்வாகிகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

வாக்கெடுப்பில் ஒரு சங்கம் தோற்றால் பிரசாரம் போதவில்லை, நிர்வாகம் மிரட்டியது, எதிர்ச்சங்கம் பணத்தை இறைத்தது என்று காரணங்கள் அடுக்கப்படும். அவற்றில் உண்மையும் இருக்கும். ஆனால் அந்தச் சங்கத்தின் உறுப்பினர் பதிவேட்டை எடுத்துப் புரட்டினால் வேறொரு காரணமும் தெரியவரும். ஓய்வுபெற்றவர்கள் பெயர் அப்படியே இருக்கும். ஆறு மாதம் முன்பு படிவம் கொடுத்த இளைஞர்கள் பெயர் ஏறியே இருக்காது. ஒரே ஆள் இரண்டு எழுத்துக்கூட்டலில் இரண்டு இடத்தில் இருப்பார். தன் உறுப்பினர் யார் என்று தனக்கே உறுதியாகத் தெரியாத சங்கம், வாக்குப்பெட்டியின் முன்னால் நிற்கும்போது பாதி பலத்தை ஏற்கெனவே இழந்திருக்கிறது.

தமிழ்நாட்டுத் தொழிற்சாலை ஒன்றில் சில நூறு முதல் இரண்டாயிரம் பேர் வரை உறுப்பினர்களாக உள்ள சங்கத்தை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். போக்குவரத்து, மின்வாரியம், ரயில்வே போன்ற பெரிய அமைப்புகளின் கிளைகளுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

சட்டம் கேட்பது என்ன

1918 ஏப்ரலில் பக்கிங்ஹாம், கர்நாட்டிக் ஆலைத் தொழிலாளர்களைக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானபோது, தொழிற்சங்கத்துக்கென இந்த நாட்டில் சட்டப் பாதுகாப்பு எதுவும் இல்லை. சங்கத் தலைவர் பி.பி. வாடியா மீது ஆலை நிர்வாகம் வழக்குத் தொடுத்து உயர் நீதிமன்றத் தடை வாங்கியது. அந்த அதிர்ச்சியிலிருந்து எழுந்த கோரிக்கைதான் 1926ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டமாக முடிந்தது. பதிவுபெற்ற சங்கம் உறுப்பினர் பட்டியல் ஒன்றைப் பராமரிக்க வேண்டும், அதை நிர்வாகிகளும் உறுப்பினர்களும் பார்வையிட வசதி செய்து தர வேண்டும், இந்த ஏற்பாடு சங்க விதிகளிலேயே இருக்க வேண்டும் என்று அந்தச் சட்டம் கூறியது. அதாவது, பட்டியல் செயலாளரின் சொந்தச் சொத்து அல்ல. தன் பெயர் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று கேட்டு வரும் உறுப்பினரிடம் "அப்புறம் வாருங்கள்" என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை.

2001ஆம் ஆண்டுத் திருத்தம் இன்னொரு நிபந்தனையைச் சேர்த்தது. நிறுவனத்தில் வேலை செய்வோரில் 10 சதவீதம் அல்லது 100 பேர், இவற்றில் எது குறைவோ அத்தனை பேராவது சங்கத்தில் இருக்க வேண்டும். எப்படியானாலும் ஏழு பேருக்குக் குறையக்கூடாது. பதிவு செய்யும் நாளில் மட்டுமல்ல, அதற்குப் பிறகும் தொடர்ந்து இந்த எண்ணிக்கை இருக்க வேண்டும். எண்ணிக்கையில் சந்தேகம் எழுந்தால் தொழிற்சங்கப் பதிவாளர் முன் நம்மைக் காப்பாற்றப்போவது பதிவேடும் ரசீது அடிக்கட்டைகளும்தான்.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பு 2020, அந்தப் பழைய சட்டத்தின் இடத்தை எடுத்துக்கொண்டது. மேற்சொன்ன எண்ணிக்கை நிபந்தனை அதிலும் தொடர்கிறது. ஆனால் பட்டியலின் கனம் பல மடங்கு கூடிவிட்டது. ஒரு நிறுவனத்தில் பல சங்கங்கள் இருந்தால், மஸ்டர் ரோலில், அதாவது நிறுவனத்தின் தொழிலாளர் பதிவேட்டில், உள்ளவர்களில் 51 சதவீதம் பேரின் ஆதரவு பெற்ற சங்கமே பேச்சுவார்த்தைக்குரிய ஒரே சங்கம். எந்தச் சங்கத்துக்கும் 51 கிடைக்காவிட்டால், குறைந்தது 20 சதவீத ஆதரவுள்ள சங்கங்களைக் கொண்டு பேச்சுவார்த்தைக் குழு அமையும். 19 சதவீதத்தில் நிற்கும் சங்கத்துக்கு மேசையில் நாற்காலி இல்லை. ஐநூறு பேர் வேலை செய்யும் ஆலையில் அந்த ஒரு சதவீதம் என்பது ஐந்து பேர். அந்த ஐந்து பேர் பதிவேட்டில் தொலைந்துபோகிறவர்களாக இருக்கக்கூடாது என்பதற்காகவே இத்தனை மெனக்கெடல்.

முதல் படி: பதிவேட்டை ஒழுங்காகக் கட்டுவது

நோட்டுப் புத்தகமா, எக்செல் தாளா என்ற விவாதம் தேவையில்லை. இரண்டும் வேண்டும். பக்க எண் அச்சிட்ட, தைத்த பேரேடு சாட்சியத்துக்கு. கணினித் தாள் தேடுவதற்கும் பிரிப்பதற்கும்.

ஒவ்வொருவருக்கும் சங்கமே ஒரு உறுப்பினர் எண் தர வேண்டும். அந்த எண் ஒருமுறை கொடுத்தால் கொடுத்ததுதான். அவர் விலகினாலும் இறந்தாலும் வேறொருவருக்குப் போகக்கூடாது. பதிவேட்டின் அடுத்த பத்தியில் (நெடுவரிசையில்) நிறுவனம் அவருக்குத் தந்துள்ள டோக்கன் எண். இந்த இரண்டும் சேர்ந்தால்தான் ஆளை அடையாளம் காண முடியும். பெயரை மட்டும் நம்பினால் கதை கந்தலாகிவிடும்.

பெயர் விவகாரத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். நம் ஊர்ப் பட்டியல்களில் குழப்பம் பெரும்பாலும் இங்கேதான் பிறக்கிறது. சங்கப் படிவத்தில் ஒருவர் "செ. முருகன்" என்று எழுதுவார். வருங்கால வைப்பு நிதிக் கணக்கில் தந்தை பெயரைக் கடைசியில் சேர்த்து "முருகன் செல்வம்" என்று இருக்கும். சம்பளச் சீட்டில் அதே பெயர் ஆங்கில எழுத்தில், "முருகன் எஸ்" என்று வரும். பள்ளிச் சான்றிதழில் "முருகேசன்". நால்வரும் ஒரே ஆள். இதற்கு நேர்மாறாக, வெல்டிங் பிரிவில் ஒரு எஸ். முருகன், பெயின்ட் ஷாப்பில் இன்னொரு எஸ். முருகன் என்று உண்மையிலேயே இருவர் இருப்பார்கள். எதிர்த்தரப்பு ஆட்சேபம் எழுப்பும்போது முதலில் கை வைப்பது இப்படிப்பட்ட பெயர்களில்தான். ஆகவே மூன்று பத்திகள் வையுங்கள்: அவர் தமிழில் எழுதும் பெயர், சம்பளச் சீட்டில் உள்ள பெயர் எழுத்துப் பிசகாமல், தந்தை அல்லது கணவர் பெயர். திருமணத்துக்குப் பின் முதலெழுத்தை மாற்றிக்கொண்ட பெண்களுக்குப் பழைய பெயரையும் குறிப்புப் பத்தியில் எழுதிவையுங்கள்.

இவற்றோடு பிறந்த தேதி, பிரிவு, ஷிப்ட், வேலையின் தன்மை (நிரந்தரம், பயிற்சி, ஒப்பந்தம்), சேர்ந்த தேதி, வீட்டு முகவரி, கைபேசி எண் ஆகியவை போதும். பிறந்த தேதி எதற்கென்று கேட்பவர்கள் உண்டு. யார் எப்போது ஓய்வுபெறுகிறார் என்பதை அது முன்கூட்டியே சொல்லிவிடும். ஆதார் எண், சாதி, மதம், கட்சி ஆகியவற்றைக் கேட்கவே கேட்காதீர்கள். சங்கத்தின் வேலைக்கு அவை தேவையில்லை. தவறான கையில் சிக்கினால் உறுப்பினருக்குத்தான் கேடு.

முகவரியில் "பிள்ளையார் கோயில் தெரு" என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளாதீர்கள். கதவு எண், ஊராட்சி, அஞ்சல் குறியீட்டு எண் எல்லாம் வேண்டும். வாடகை வீட்டில் இருக்கும் இளம் தொழிலாளர்களிடம் சொந்த ஊர் முகவரியையும் சேர்த்து வாங்குங்கள். ஆலை மூடப்பட்டாலோ கதவடைப்பு வந்தாலோ அவர்கள் அங்கேதான் இருப்பார்கள்.

இரண்டாம் படி: சந்தாவும் சான்றும்

படிவத்தில் கையெழுத்திட்டவரெல்லாம் உறுப்பினர் என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். சரிபார்க்க வருகிற அதிகாரி சந்தாவைத்தான் கேட்பார். நிர்வாகங்களும் சங்கங்களும் தாமாக ஏற்றுக்கொண்ட 1958ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைக் கோட்பாடு, சங்கத்தை நிர்வாகம் அங்கீகரிப்பதற்கு வகுத்த அளவுகோலே இதற்குச் சாட்சி: கணக்கெடுக்கும் நாளுக்கு முந்தைய ஆறு மாதங்களில் குறைந்தது மூன்று மாதச் சந்தா கட்டியவர்களே உறுப்பினர்களாகக் கொள்ளப்பட்டார்கள். சட்டங்கள் மாறினாலும் இந்த அளவுகோல் நல்ல அளவுகோல். உங்கள் சங்கத்துக்குள்ளும் "நடப்பு உறுப்பினர்" என்பதற்கு இதையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் அது சங்க விதிகளில் எழுதப்பட்டிருக்க வேண்டும். வாக்கெடுப்புக்கு இரண்டு வாரம் முன்பு செயற்குழு கூடி நிலுவைக்காரர்களை நீக்குவது என்று முடிவெடுத்தால் அது களையெடுப்பாகத்தான் பார்க்கப்படும். பார்ப்பதிலும் தவறில்லை.

கையில் வசூலிக்கும் சங்கங்களில் ரசீது புத்தகம்தான் உயிர். வரிசை எண் அச்சிட்ட புத்தகங்களை யாருக்குக் கொடுத்தோம், எப்போது திரும்பி வந்தது என்று ஒரு தனிப் பதிவு வையுங்கள். ரசீதில் டோக்கன் எண் இல்லாமல் பெயர் மட்டும் எழுதும் பழக்கத்தை ஒழித்துவிடுங்கள். ஒருவர் மூன்று மாதத்துக்குச் சேர்த்துக் கட்டினால் எந்தெந்த மாதம் என்று எழுத வேண்டும். தொகையை மட்டும் எழுதினால் பின்னால் எந்த மாதம் விடுபட்டது என்று யாருக்கும் தெரியாது.

சம்பளத்திலிருந்தே சந்தாவைப் பிடித்து நிர்வாகம் சங்கத்துக்கு அனுப்பும் செக்-ஆஃப் முறை வசதியானது. தொழிலாளி எழுத்தில் சம்மதம் தர வேண்டும் என்பதால் சான்றும் வலுவாக இருக்கும். ஆனால் யார் எந்தச் சங்கத்தில் இருக்கிறார் என்ற முழுப் பட்டியலையும் நாமே நிர்வாகத்தின் கையில் கொடுக்கிறோம். இந்திய உணவுக் கழக ஊழியர் சங்கம் தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1995இல் இந்த முறையையும் ரகசிய வாக்கெடுப்பையும் ஒப்பிட்டு, ரகசிய வாக்கெடுப்பே ஜனநாயகத்துக்கு உகந்தது என்ற பக்கம் நின்றது. புதிதாகத் தொடங்கிய சங்கம், பகை பாராட்டும் நிர்வாகம் என்றால் முதல் சில ஆண்டுகள் கைவசூலே நல்லது என்பது என் உறுதியான கருத்து. வசூலுக்காக மாதம் ஒருமுறை பிரிவு பிரிவாகப் போவது தொல்லைதான். அந்த ஐந்து நிமிடப் பேச்சில்தான் ஷிப்ட் மாற்றம், இடமாறுதல், மனக்கசப்பு எல்லாம் நம் காதுக்கு வருகின்றன. செக்-ஆஃப் வந்தபின் அந்தப் பேச்சு நின்றுபோன சங்கங்கள் பல.

மூன்றாம் படி: மாதாமாதம் புதுப்பித்தல்

ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு பொறுப்பாளர் இருக்க வேண்டும். அவர் பார்க்கும் பட்டியல் நாற்பது ஐம்பது பெயருக்கு மேல் போகக்கூடாது. அதற்கு மேல் போனால் முகம் தெரியாது. மாதக் கடைசியில் அவர் தன் பிரிவுப் பட்டியலில் மாற்றங்களைக் குறித்துக் கொடுப்பார்: சேர்ந்தவர், விலகியவர், ஓய்வுபெற்றவர், பிரிவு மாறியவர், நீண்ட விடுப்பில் இருப்பவர், எண் மாற்றியவர்.

பெயரை அழிக்காதீர்கள். கணினித் தாளிலிருந்து வரியை நீக்கவும் வேண்டாம். "விலகினார்", தேதி, காரணம், கடிதம் இருந்தால் அதன் கோப்பு எண் என்று எழுதி, அந்த வரியை அப்படியே விட்டுவிடுங்கள். அழிக்கப்பட்ட வரி விசாரணையில் சந்தேகமாக மாறும். தேதியோடு குறிக்கப்பட்ட வரி சான்றாக நிற்கும்.

வேலைநீக்கம் செய்யப்பட்டு வழக்கு நடத்துகிறவர்களைப் பட்டியலிலிருந்து எடுப்பது நன்றிகெட்ட செயல். சங்கத்துக்காகத்தான் அவர்களில் பலர் வேலை இழந்தார்கள். வழக்கு முடியும்வரை அவர்கள் உறுப்பினர்களே, உள் வாக்கெடுப்புகளில் அவர்களுக்கு வாக்கு உண்டு என்று விதியிலேயே எழுதிவைப்பது நல்லது.

பழைய பெயர்களைச் சுமந்து திரிவதால் என்ன நட்டம் என்று கேட்கலாம். பிரிட்டனைப் பாருங்கள். அங்கே 1992ஆம் ஆண்டுச் சட்டம், பெயர் முகவரிப் பதிவேட்டைத் துல்லியமாக வைத்திருக்கும் கடமையைச் சங்கத்தின் மீது சுமத்தியது. வேலைநிறுத்த வாக்குச்சீட்டு தபாலில் வீட்டுக்குப் போக வேண்டும் என்றது. 2016ஆம் ஆண்டுச் சட்டம், வாக்குரிமை உள்ளவர்களில் பாதிப் பேராவது வாக்களித்தால்தான் வேலைநிறுத்த முடிவு செல்லும் என்ற தடையைக் கொண்டுவந்தது. இப்போது கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பட்டியலில் 1000 பெயர். அதில் 120 பேர் வேலையை விட்டுப் போனவர்கள். 460 பேர் வாக்களித்தார்கள். ஆயிரத்துக்குக் கணக்கிட்டால் 46 சதவீதம், தோல்வி. உண்மையான 880 பேருக்குக் கணக்கிட்டால் 52 சதவீதம், வெற்றி. இந்தியாவில் வேலைநிறுத்தத்துக்கு வாக்கெடுப்பு நடத்தச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் "மொத்த உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கு" என்பது போன்ற விதி நம் சங்கங்கள் பலவற்றில் உண்டு. அங்கெல்லாம் இதே கணக்குதான்.

நான்காம் படி: பட்டியலைக் காப்பது

முழுப் பட்டியலும் செயலாளர், பொருளாளர் இருவரிடம் மட்டும் இருக்கட்டும். பிரிவுப் பொறுப்பாளருக்கு அவர் பிரிவு மட்டும். வாட்ஸ்அப் குழுவில் பட்டியலை அனுப்பவே கூடாது. ஒரு நிமிடத்தில் அது மேற்பார்வையாளர் கைக்குப் போய்விடும். நிறுவனத்தின் கணினியிலோ நிறுவனம் கொடுத்த மின்னஞ்சலிலோ எதையும் வைக்காதீர்கள். சங்க அலுவலகத்துக்கு வெளியே, நம்பகமான இடத்தில் ஒரு நகல் இருக்கட்டும்.

ஐந்தாம் படி: எந்த வாக்கெடுப்பு என்று தெளிவுபடுத்துவது

நிர்வாகிகள் தேர்தல், வேலைநிறுத்தம் அல்லது ஒப்பந்தம் குறித்த கருத்தறிதல், பேச்சுவார்த்தை உரிமைக்கான அங்கீகாரத் தேர்தல் என்று மூன்று வகை உண்டு. முதல் இரண்டிலும் வாக்காளர் பட்டியல் நம்முடையது. மூன்றாவதில் நிறுவனத்தின் மஸ்டர் ரோல்தான் அடிப்படை. உறுப்பினர் அல்லாதவர்களும் வாக்களிப்பார்கள்.

உணவுக் கழக வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்துத் தந்த நடைமுறையை ஒவ்வொரு செயலாளரும் ஒருமுறை படிக்க வேண்டும். குறிப்பிட்ட தேதியில் பணியில் உள்ளவர்களின் பட்டியலை நிர்வாகம் தர வேண்டும். அதைத் தகவல் பலகையில் ஒட்ட வேண்டும். சங்கங்களுக்கும் நகல் தர வேண்டும். ஆட்சேபங்களைத் தேர்தல் அலுவலர் முடிவுசெய்வார். வாக்குச்சீட்டில் சங்கங்களின் பெயரோடு சின்னமும் இருக்கும், வட்டார மொழியும் இருக்கும். அங்கீகாரத் தேர்தல் எங்கே நடந்தாலும் இதை முன்மாதிரியாகக் காட்டி வாதாடலாம்.

ஆட்சேபக் காலம் குறுகியது. நிறுவனம் பட்டியலை ஒட்டிய அன்றே அதன் நகலோடு உட்கார்ந்து, டோக்கன் எண் வாரியாக நம் பதிவேட்டோடு ஒப்பிட வேண்டும். நம்மவர் யார் விடுபட்டார்? விடுப்பில், பணியிடை நீக்கத்தில், மகப்பேறு விடுப்பில் இருப்பவர்கள் வந்திருக்கிறார்களா? மேற்பார்வைப் பணியில் இருப்பவர்கள் தொழிலாளர் கணக்கில் நுழைந்திருக்கிறார்களா? ஆள் யாரென்றே யாருக்கும் தெரியாத பெயர்கள் உண்டா? பதிவேடு சரியாக இருக்கும் சங்கத்துக்கு இது ஒரு மாலை வேலை. சரியாக இல்லாத சங்கம் ஆட்சேபக் காலம் முழுவதையும் தன் ஆட்களைத் தேடுவதிலேயே செலவழிக்கும்.

ஆறாம் படி: நாள், இடம், சீட்டு

நம் சொந்த வாக்கெடுப்புக்குத் தகுதித் தேதி ஒன்றை முன்கூட்டியே அறிவியுங்கள். அந்தத் தேதிக்குப் பின் சேர்ந்தவர்களுக்கு இந்த முறை வாக்கில்லை. வரைவுப் பட்டியலை உறுப்பினர் எண்ணும் பெயரும் மட்டும் போட்டு சங்க அலுவலகத்தில் வையுங்கள். ஆலை வாசலில் ஒட்ட வேண்டாம். திருத்தத்துக்குக் குறைந்தது ஏழு நாள் கொடுங்கள்.

தேர்தல் அலுவலராகப் போட்டியில் இல்லாத, செயற்குழுவில் இல்லாத ஒருவர் வேண்டும். தோழமைச் சங்கத்தின் மூத்தவரோ ஓய்வுபெற்ற தொழிலாளியோ வழக்கறிஞரோ இருக்கலாம்.

மூன்று ஷிப்டுக்கும் வாய்ப்பு தராத வாக்கெடுப்பு நியாயமான வாக்கெடுப்பு அல்ல. காலை ஆறு மணிக்கு இரவு ஷிப்ட் வெளியே வரும்போது பெட்டி தயாராக இருக்க வேண்டும்; கம்பெனி பஸ் கிளம்ப இருபது நிமிடம்தான் இருக்கும். அதற்குள் நூறு பேர் வாக்களிக்க வேண்டுமானால் டோக்கன் எண் வரிசைப்படி நான்கு மேசை வேண்டும். பஸ்ஸை விட்டுவிட்டு வரிசையில் நிற்கச் சொன்னால் நிற்க மாட்டார்கள். அவர்களைக் குறைசொல்லிப் பயனில்லை. ரயில்வேயில் 2024 டிசம்பரில் நடந்த அங்கீகாரத் தேர்தலுக்கு 4, 5, 6 ஆகிய மூன்று நாட்கள் ஒதுக்கப்பட்டன. ஓடும் வண்டியில் வேலை செய்பவர்கள் ஒரே நாளில் ஓரிடத்துக்கு வர முடியாது என்பது எவருக்கும் தெரியும். மகப்பேறு விடுப்பிலும் மருத்துவமனையிலும் இருப்பவர்களுக்குத் தபால் வாக்கு, அல்லது இரண்டு தரப்பு முகவர்களோடு பெட்டியை எடுத்துச்செல்லும் ஏற்பாடு என்று ஏதாவது ஒன்றை விதியில் முன்பே சேருங்கள்.

கேள்வியைத் தெளிவாக எழுதுங்கள். "நிர்வாகத்தின் அநியாயப் போக்கை எதிர்த்துப் போராட்டத்தை ஆதரிக்கிறீர்களா" என்பது கேள்வி அல்ல, முழக்கம். "ஊதிய உயர்வுக் கோரிக்கைக்காகக் காலவரையற்ற வேலைநிறுத்தம் செய்யச் சம்மதமா? சம்மதம் / சம்மதமில்லை" என்று இருக்கட்டும். சீட்டில் வரிசை எண்ணோ அடையாளமோ இருக்கக்கூடாது. சீட்டின் பின்பக்கம் தேர்தல் அலுவலரின் கையெழுத்து மட்டும் போதும். கையெழுத்து வாங்குவது பட்டியலில்தான்.

வாட்ஸ்அப் கருத்துக்கணிப்பை வாக்கெடுப்பாக எண்ணிவிடாதீர்கள். யார் எதற்கு வாக்களித்தார் என்பதை அங்கே குழுவில் உள்ளவர்கள் பார்க்கலாம். கூகுள் படிவத்தில் ஒருவர் இரண்டு மின்னஞ்சல் வைத்து இரண்டு முறை நிரப்பினால் கண்டுபிடிப்பது கடினம். கூட்டத்துக்கு எந்த நாள் வசதி என்று கேட்க அவை போதும். வேலைநிறுத்தத்தை முடிவுசெய்யப் போதாது.

பெட்டியின் அருகே தலைவர்கள் நிற்கக்கூடாது. 2019இல் பிரிட்டனில் அஞ்சல் ஊழியர் சங்கம் நடத்திய வாக்கெடுப்பில் சுமார் 76 சதவீதம் பேர் வாக்களித்தார்கள். அவர்களில் 97 சதவீதம் பேர் வேலைநிறுத்தத்தை ஆதரித்தார்கள். அத்தனை பெரிய ஆதரவு இருந்தும் ராயல் மெயில் நிறுவனம் உயர் நீதிமன்றத்தில் தடை வாங்கிவிட்டது. வீட்டுக்குப் போக வேண்டிய சீட்டுகளை வேலையிடத்திலேயே வாங்கிப் பிரித்து, "ஆம்" என்று குறிக்கும்படி சங்கத்தினர் ஊக்கப்படுத்தினார்கள் என்பதே காரணம். ஆர்வக்கோளாறால் வந்த வினை அது. தொழிலாளி தனியாக நின்று முடிவெடுக்கும் அந்த அரை நிமிடம் அவருக்கே சொந்தம்.

ஏழாம் படி: எண்ணுவதும் அதன் பிறகும்

பெட்டியைத் திறக்கும் முன் பட்டியலில் உள்ள கையெழுத்துகளை எண்ணி எழுதுங்கள். பிறகு பெட்டியில் உள்ள சீட்டுகளை, மடிப்பைப் பிரிக்காமல், எண்ணுங்கள். இரண்டும் ஒத்துப்போனால் மட்டுமே பிரிக்க வேண்டும். வேறுபாடு இருந்தால் அங்கேயே பதிவுசெய்து முகவர்களிடம் கையெழுத்து வாங்குங்கள். செல்லாத சீட்டுகளைத் தனிக் கட்டாக வையுங்கள். அறிவிப்பில் மொத்த வாக்காளர், வாக்களித்தவர், செல்லாதவை, ஒவ்வொரு பக்கமும் விழுந்தவை என எல்லா எண்ணும் இருக்க வேண்டும். "பேராதரவுடன் நிறைவேறியது" என்று மட்டும் சுவரொட்டி அடிப்பது உறுப்பினருக்குச் செய்யும் மரியாதை அல்ல.

வேலைநிறுத்தத்துக்கு ஆதரவு கிடைத்துவிட்டால் மறுநாளே வேலையை நிறுத்த முடியாது. சட்டத்தொகுப்புப்படி நோட்டீஸ் கொடுத்து 14 நாட்கள் கழிய வேண்டும். அந்த நோட்டீஸ் 60 நாட்களுக்குள் செல்லுபடியாகும். சமரசப் பேச்சு நடக்கும்போதும் அது முடிந்தபின் ஏழு நாட்கள் வரையிலும் வேலைநிறுத்தத்துக்குத் தடை உண்டு. இவற்றைக் கணக்கிட்டே வாக்கெடுப்பு நாளைக் குறிக்க வேண்டும். நாள் கடந்து சூடு ஆறிய முடிவைக் கையில் வைத்துக்கொண்டு யாரையும் வெளியே அழைக்க முடியாது.

சீட்டுகள், கையெழுத்துப் பட்டியல், முகவர் கடிதங்கள், எண்ணிக்கைத் தாள் எல்லாவற்றையும் ஒரே உறையில் இட்டு அரக்கு முத்திரை வைத்து, அலுவலரும் இரு தரப்பு முகவர்களும் மேலே கையெழுத்திடட்டும். புகார் கொடுக்க விதியில் சொன்ன காலம் முடிந்து, வழக்கு ஏதும் நிலுவையில் இல்லை என்று உறுதியான பிறகே செயற்குழுத் தீர்மானத்தோடு அவற்றை அழிக்கலாம். வாக்கெடுப்பின்போது திரும்பி வந்த தபால்கள், மாறியிருந்த கைபேசி எண்கள், பிரிவு மாறியவர்கள் என்று கிடைத்த தகவல்களை அந்த வாரத்துக்குள்ளேயே பதிவேட்டில் ஏற்றி, தேதி போட்டுக் கையெழுத்திடுங்கள்.